மூன்றாவது நாசில்

டீசல் வாசனை எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட நானும் என் கணவரும் கொஞ்சம் தள்ளிப்போய்க் காற்று வருகிற பக்கமாக நின்றுகொள்வோம். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் ஒரு நாள் காலை ஆறு மணியிலிருந்து ஆரம்பித்துப் பேசவேண்டியிருக்கும். இத்தனை வருஷம் பேசாததை இனிமேல் பேசப்போவதில்லை என்று தெரிந்ததால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. நான், அவர், என் மாமியார், மூன்றே பேர். அவருக்கு சர்க்கார் ஆபீசில் வரைபடம் போடுகிற உத்தியோகம். பாலமோ தண்ணீர்த் தொட்டியோ, இஞ்சினியர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தால் இவர் அதைத் தாளில் மையால் கோடாக இழுப்பார். அவர் இழுத்த கோட்டை அழித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். நான் கொஞ்சம் கிண்டல்காரி. "கையை இன்ஷூர் பண்ணிக்கோங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். எங்கள் வீட்டுச் சோறு அந்த வலது கையில் இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடு இழுக்கும் பேனாவில் மை சரியாக இறங்குகிறதா என்று பார்க்க, முனையை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு தொடு தொட்டுப் பார்ப்பார். பதினைந்து வருஷத்துப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது விரலில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். கல்யாணமான புதிதில் மச்சம் என்று நினைத்திருந்தேன்.

கார் வந்தது கல்லாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து. அங்கே ஏதோ கட்டட வேலைக்கு அளவெடுக்கப் போனவர், ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த பழைய ஜெர்மன் காரைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. அப்போதே அதற்கு இருபது வயது. கறுப்பு நிறம், உருண்ட முதுகு, உள்ளே டீசல் இஞ்சின். ஊரில் மற்ற கார்களெல்லாம் பெட்ரோலில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது இது மட்டும் கடகடவென்று தெருவையே எழுப்பிக்கொண்டு வரும். எதிர்வீட்டு மாமி, "உங்காத்து ரோடு ரோலர் வந்தாச்சு, சாதத்தை வடிச்சுடு" என்பாள். வீட்டுக்குப் பின்னால் சந்துப் பக்கம் திறக்கிற பழைய மாட்டுக்கொட்டிலில் அதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில்தான் படுக்கை. நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அவர் சிரிப்பார். நான் பாதிதான் சிரிப்பேன்.

அந்த இஞ்சினில் ஒரு பம்பு இருக்கிறது. அது டீசலை இறுக்கி அழுத்தி, நான்கு மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாக நான்கு நாசில்களுக்கு அனுப்பும். நாசில் என்றால் கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புத் துண்டு, நுனியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துளை. அதன் வழியாக டீசல் பனிபோலச் சிதறி உள்ளே விழுந்து எரியவேண்டும். சிதறாமல் நூலாக விழுந்தால் எரியாது, புகையும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மோர்சாதம் சாப்பிடும்போதும் அவருக்கு அதே பேச்சுத்தான்.

துலா மாசத்து மழை, அதாவது ஐப்பசி மழை, ஆரம்பித்ததும் கார் படுத்த ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் கொட்டில் முழுக்க வெள்ளைப் புகை. உள்ளேயிருந்து யாரோ வெளியே விடச்சொல்லிக் கதவைத் தட்டுகிறமாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவேயில்லை. அடுப்படியில் நின்றால் முதுகுப் பக்கமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். மாமியார் ஒருநாள் கையிலிருந்த ஜபமாலையை நிறுத்திவிட்டு, "அதுக்கு என்னடி வேணுமாம்?" என்றாள்.

அவர் தன் ஆபீஸ் வேலையைச் செய்கிறமாதிரியே பொறுமையாகத் தேடினார். முதலில் வடிகட்டியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குழாயில் காற்று அடைத்திருக்கிறதோ என்று நட்டைத் தளர்த்தி, குமிழிகள் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். சத்தம் போகவில்லை. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலின் நட்டையும் கொஞ்சம் திருகி அதற்கு மட்டும் டீசல் போகாமல் செய்தார். முதலாவதைத் திருகினால் இஞ்சின் தடுமாறியது. இரண்டாவதிலும் தடுமாறியது. மூன்றாவதைத் திருகினார், ஒரு மாற்றமும் இல்லை. நான்காவதில் மறுபடி தடுமாறியது. "மூணாவது வேலையே செய்யலை, கேட்டியா? மத்த மூணும் அதைச் சுமந்துண்டு போறது" என்று கன்னத்தில் கரியோடு வந்து சொன்னார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். எனக்குக்கூட ஒரு நிமிஷம் அந்தக் காரைப் பிடித்துவிட்டது.

ஆரியசாலையில் டீசல் பம்பு வேலை செய்கிற ஒரு மெக்கானிக் இருந்தார், நாகர்கோவில் பக்கத்து ஆள். இவர் மூன்றாவது நாசிலைக் கழற்றி அந்த ஆளுக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கே அதைச் சைக்கிளில் கொண்டுவந்தார். கொட்டில் வாசலில் நின்று நான் கொடுத்த காப்பியைக் குடித்தபடியே சொன்னார்:

"சாரே, நாசில் தேஞ்சு போச்சு. புதுசு மெட்ராஸ்லேருந்துதான் வரணும். ரெண்டு வாரம் ஆவும். அதுவர வண்டிய எடுக்காதீங்க."

"நான் கழுவி மாட்டிப் பார்க்கட்டுமா?"

"பாருங்க. ஆனா வெளிய வச்சு அடிச்சுப் பாக்கயில முன்னால கையக் காட்டப்பிடாது, பாத்துக்கிடுங்க. தோலு கிழியாது. வலிக்கக்கூடச் செய்யாது. உள்ள போயிரும். உள்ள போச்சுன்னா பின்ன நம்ம கையில இல்ல."

நானும்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் சைக்கிள் தெருக்கோடி திரும்பினதும், "தொட்டா ஆபத்துன்னு சொன்னாத்தானே அவனுக்குப் பொழப்பு" என்று சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. இவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் என் மாமனாரின் திவசம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா இறந்த திதியில் வருஷம்தோறும் பிள்ளை செய்யவேண்டிய கர்மம் அது. பிள்ளை அன்றைக்குக் காலையிலிருந்து பட்டினி. பித்ருக்களின் இடத்தில் இரண்டு பிராமணர்களை வரித்து, காலைக் கழுவி உட்கார வைத்து, ஹோமம் செய்து, அவர்களுக்கு இலை போட்டு, பிண்டம் வைத்து, எல்லாம் முடிந்து மதியம் இரண்டு மணிக்குமேல்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். ஈரப்புடவையோடு மடியாகச் சமைக்கவேண்டும். யாரையும் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி குளியல். எங்கள் தெருவில் திவசம் நடக்கிற வீட்டு வாசலைத் தாண்டும்போது குழந்தைகள்கூடக் குரலைத் தணித்துக்கொள்ளும்.

வரவேண்டிய இரண்டு பிராமணர்களில் ஒருவர் கரமனையில் இருந்தார். வயதானவர், முழங்கால் மடங்காது. அவரைக் காரில் கூட்டிவரவேண்டும் என்று இவர் முடிவு பண்ணிவிட்டார்.

"ஒரு ஆட்டோ பிடிச்சா மதியே" என்றேன். மதி என்றால் போதும் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் இப்படித்தான் வரும்.

"அப்பாவா உட்காரப்போறவர். அவரை ஆட்டோல வெச்சுக் குலுக்கிண்டு வரதா?"

வீட்டில் ஒரு கார் நிற்கவேண்டும் என்று அவருடைய அப்பாவுக்கு ஆசை இருந்ததாம். இதற்குமேல் நான் என்ன சொல்ல? ஆனால் கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க நாசிலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தாரே தவிர, திவசத்துக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுக்கக்கூட ஒரு கை இல்லை. திவசத்துக்கு முந்தின நாள் ராத்திரியும் அவர் நகத்திடுக்கில் அந்தக் கரிதான்.

திவசத்தன்று விடிந்தும் விடியாமல் என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். மழை விட்டு ஈரமாக இருந்தது. நான் இன்னும் குளிக்கவில்லை, அதனால் காரைத் தொடலாம். டிரைவர் ஸீட்டில் உட்காரச் சொன்னார். அந்தக் காரில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஒரு குமிழ். அதை முழுக்க வெளியே இழுத்துப் பிடித்தால் இஞ்சின் சுற்றும், விட்டால் நிற்கும். "இழுன்னா இழு, விடுன்னா விடு. வேற ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றார். மூன்றாவது நாசிலை இஞ்சினுக்குள் மாட்டாமல், அதன் குழாயில் மட்டும் பொருத்தி, நுனி வெளியே பார்க்கும்படி வைத்திருந்தார். டீசல் எப்படிச் சிதறுகிறது என்று கண்ணால் பார்க்கப் போகிறார்.

இழுத்தேன். இஞ்சின் முனகிக்கொண்டு சுற்றியது. தூக்கிவைத்த பானெட்டின் இடுக்கு வழியாக அவர் முகமும் கையும்தான் எனக்குத் தெரிந்தன. நாசிலிலிருந்து பனிபோல ஏதோ குபுக் குபுக்கென்று வந்தது. "பேஷ்!" என்றார். "இன்னொரு தடவை இழு. ஒரு ஓரமா நூல் மாதிரி ஒண்ணு போறது." மறுபடி இழுத்தேன். அவர் தலையைச் சாய்த்து அந்த நூலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வலது கையை நீட்டி, பேனா முனையைத் தொடுகிறமாதிரி, ஆள்காட்டி விரலால் ஒரு தொடு தொட்டார்.

"ஸ்" என்றார். அவ்வளவுதான். "விடு விடு."

நான் இறங்கி வந்து பார்த்தேன். விரல் நுனியில் ஊசி குத்தின அளவில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. பிதுக்கினார், எண்ணெய்போல ஒரு துளி வந்தது.

"மெக்கானிக் சொன்னாரே" என்றேன்.

"எறும்பு கடிச்சாப்லதான் இருக்கு. கொழப்பமில்லை, ஒண்ணும் ஆகாது."

"அப்போ போய்க் குளிங்கோ. நாழியாறது."

நூல் விழுந்த ஓரத்தை மறுபடி கம்பியால் குடைந்துவிட்டு, நாசிலை உள்ளே மாட்டிக் கிளப்பினார். புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை. நான்கும் சேர்ந்து ஓடிய அந்தச் சத்தம் அவ்வளவு மிருதுவாக இருந்தது. ஜெயித்துவிட்டார். குளித்துவிட்டுக் கரமனைக்குப் போய், பிராமணரை முன் ஸீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். எட்டேமுக்காலுக்கு வாசலில் கார் நின்றது. எதிர்வீட்டு மாமியே எட்டிப் பார்த்தாள். காரைத் தொட்டதற்காக இவர் மறுபடி ஒருதரம் குளித்தார்.

அன்றைக்கு எல்லாமே நன்றாக நடந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விறகு நனையவில்லை. அதிரசம் ஒன்றுகூட உடையவில்லை. கர்மம் செய்துவைக்கிற வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். அபசகுனமாக ஒரு தும்மல் இல்லை. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் நான் கொஞ்சம் பயந்திருப்பேன். பயந்திருந்தால் வேறுமாதிரி பேசியிருப்பேன்.

பத்து மணிக்குப் பிராமணர்களின் காலைக் கழுவினோம். கணவர் கழுவ, மனைவி பக்கத்தில் நின்று சொம்பிலிருந்து தண்ணீர் விடவேண்டும். குனிந்து நின்றபோதுதான் அவர் விரலை நான் கிட்டத்தில் பார்த்தேன். வெளுத்துப்போய், கொஞ்சம் தடித்து, மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. கால் கழுவின தண்ணீர் விழுந்த தாம்பாளத்தில் மெல்லிசாக ஓர் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. அவர் சீயக்காய் போட்டு மூன்று தடவை கை தேய்த்துக் குளித்தவர். அது தோல்மேல் இருந்த டீசல் இல்லை.

வாத்தியார் ஹோமத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது இவர் அடுக்களை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று, மெதுவான குரலில் கேட்டார்.

"இந்த விரல் என்னமோ சரியில்லை. மரத்துப் போயிருக்கு. உள்ளே மட்டும் எரியறது. பழவங்காடியில டாக்டர் இருப்பார், காட்டிட்டு வந்துடட்டுமா? அரை மணி நேரம்."

அவர் என்னிடம் அனுமதி கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய அம்மா இரண்டடி தள்ளி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "பிராமணாளை மணைல உட்கார வெச்சுட்டா? டாக்டராத்துல நாலு பேரைத் தொட்டுட்டு வந்து மறுபடி குளிச்சு... ஊசி குத்தினதுக்கு யாராவது அப்பா திவசத்தைப் பாதில விடுவாளா?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாரத்துக் கோபம் வயிற்றில் இருந்ததே.

"காருக்குக் கொடுக்கற மரியாதைல பாதியாவது அப்பாவுக்குக் கொடுங்கோ" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் மணையில் உட்கார்ந்தார். மாமியார் ஆட்டுக்கல் குழவியை நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். அந்த ஆட்டுக்கல்லின் சத்தம்கூட எனக்கு அப்போது நான் சொன்னது சரி என்று சொல்வதுபோலத்தான் இருந்தது.

பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலே விடவேண்டும். அதுதான் அவர்களுக்கான வழி. வாத்தியார் இரண்டு மூன்று தடவை, "விரலை நன்னா விரிச்சுக்கோங்கோ, ஜலம் வழியறது பாருங்கோ" என்று சொன்னது அடுக்களைக்குக் கேட்டது. நான் பிரண்டைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. பிண்டம் வைத்ததும் காக்கை உடனே வந்து எடுத்தது. பொதுவாகக் கைதட்டிக் கூப்பிடவேண்டும், காத்திருக்கவேண்டும். அன்றைக்கு நாங்கள் நகர்வதற்குள் வந்துவிட்டது. "அப்பாவுக்குப் பரம திருப்தி" என்றார் வாத்தியார். எனக்கும் பரம திருப்தி.

இரண்டேகாலுக்கு இவர் இலையில் உட்கார்ந்தார். சாதம் போட்டேன், குழம்பு விட்டேன். கையை இலையில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையாலேயே சாதத்தைத் தள்ளித் தள்ளி ஒதுக்கினார்.

"என்னடா, கையை மடக்கமாட்டேங்கறே?" என்றாள் அவர் அம்மா.

"பசி அடங்கிப்போச்சு."

ஆள்காட்டி விரல் சாம்பல் நிறமாகியிருந்தது. உள்ளங்கை உப்பி, ரேகைகள் மறைந்து பளபளவென்று இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு முழங்கையைப் பார்த்து ஏறியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மெக்கானிக் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. வலிக்கக்கூடச் செய்யாது, உள்ளே போயிரும். கரண்டியைப் போட்டுவிட்டு மடிப்புடவையோடு தெருவில் ஓடினேன். எங்கள் தெருவில் மடிப்புடவையோடு யாரும் வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பழவங்காடி முக்கில் ஒரு ஆட்டோவை மறித்தேன். கொட்டிலில் கார் பேஷாக ஓடக்கூடிய நிலைமையில் நின்றது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் கை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருந்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது நாலேகால் ஆகிவிட்டது. முதலில் பார்த்த இளவயது டாக்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஸாரமில்லா" என்றார், பெரிய விஷயமில்லை என்று. ஊசி எழுதப் போனார். அப்போது உள்ளேயிருந்து வந்த சர்ஜன் ஒருவர் நின்று, கையைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"டீசலா? எப்போழா பற்றியது?" எப்போது நடந்தது என்று கேட்டார்.

இவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "உச்சைக்கு. ஒரு ரெண்டு மணி" என்றார். மதியம், இரண்டு மணி.

பொய்யே பேசத் தெரியாத மனுஷர். பதினைந்து வருஷமாக ஒரு கோட்டை ஒரு மயிரிழை தள்ளிப் போடாதவர். காலையிலிருந்து ஏன் வரவில்லை என்று டாக்டர் அடுத்த கேள்வி கேட்பார், அதற்கு நான்தான் பதில் என்பதால் அந்தக் கேள்வியே வராதபடி செய்துவிட்டார்.

டாக்டர் கொஞ்சம் நிம்மதியானார். இரண்டு மணி நேரம்தானே, விரலை மட்டும் கீறிச் சுத்தம் செய்தால் போதும், உள்ளங்கையைத் திறக்கவேண்டியிருக்காது, அரைமணி நேர வேலை என்றார். கை கழுவப் போனார். நர்ஸ் கேஸ் சீட்டில் இரண்டு மணி என்று எழுதினாள். அவள் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம்தான் என்னைத் தடுத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணியாகவே இருந்துவிடக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். எழுதினது எழுதினபடியே ஆகிவிடும் என்று ஒரு கணம் நம்பினேன். அந்தச் சீட்டின்படி நான் அடுக்களையில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

இவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தபோது ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், ரெண்டு மணி இல்லை. காலம்பற ஆறு மணி. டாக்டர்கிட்டே போறேன்னு சொன்னார். நான்தான் விடலை."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த டாக்டர், டீசல் உள்ளங்கை முழுக்கப் பரவி மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது என்றார். நல்லவேளை சொன்னீர்கள், கை நிற்கும், விரலுக்கு என்னால் உறுதி சொல்லமுடியாது என்றார். நல்லவேளை என்ற வார்த்தையை அவர் மனசறிந்துதான் சொன்னார். எனக்குத்தான் அது குத்தியது. ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள்.

கை நின்றது. ஆனால் மற்ற விரல்கள் பழையபடி மடங்கவில்லை. பேனாவைப் பிடிப்பார், கோடு நடுங்கும். ஆபீசில் நல்ல மனுஷர்கள், ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். வேறு யாரோ போட்ட வரைபடங்களைச் சுருட்டிக் கட்டி அலமாரியில் வைக்கிற வேலை. காரை விற்றோம். அவர் சுத்தம் செய்து மாட்டிய நாசில் அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்று வாங்கினவர் ஒருநாள் பார்த்தபோது பாராட்டிச் சொன்னார். தெருவில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திவசத்தைக் குறையில்லாமல் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பெருமையாகக்கூடப் பேசினார்கள். மாமியார் சாகும்வரை அந்த அடுக்களைப் பேச்சை எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் அதே சர்ஜன் ஏழெட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கட்டைப் பிரித்து, கையை அவர்களுக்குக் காட்டி மலையாளத்தில் விளக்கினார். பார்த்தால் ஊசிக் குத்துமாதிரி இருக்கும், ஏமாந்துபோகக்கூடாது, இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தேன்.

"இவர் அன்றைக்குக் காலையிலேயே வந்திருந்தால்" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

ஆபீசர் பேசும்போது குறுக்கே பேசி அறியாதவர் என் கணவர். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"தாகமா இருக்கு. வெளில போய்க் கொஞ்சம் வெந்நீர் பிடிச்சுண்டு வாயேன்."

பத்து நிமிஷம் முன்னால்தான் அவர் கண்ணெதிரில் ஃபிளாஸ்க்கை நிரப்பி ஸ்டூல்மேல் வைத்திருந்தேன். டாக்டர் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நான் ஃபிளாஸ்க்கை எடுத்தேன், கனமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய், அவர்கள் எல்லாரும் அடுத்த கட்டிலுக்குப் போகிறவரை அங்கேயே நின்றேன்.